யவனர் நன்கலம்

கிரேக்க நாட்டிற்குச் செல்வோர் அதென்ஸ் நகரத்துக் குன்றின்மேலுள்ள கோயிலைக் கண்டு, கப்பலேறித் தீவுகள் சிலவற்றைச் சுற்றி, ஒலிவ எண்ணெய் பெய்த உணவை உண்டு மீள்வர். விருதுநகர்ச் சீமையிற் பிறந்த யாம் அந்நாட்டை அணுக விரும்பும் வழி வேறு. அது புறநானூற்று 56-ஆம் பாட்டின் வழி.

அப்பாட்டில் நக்கீரர் பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்துகின்றார். யவனர் தந்த நறுந்தேறலை மகளிர் நாடோறும் பொற்கலத்தில் ஏந்த, உண்டு மகிழ்க என்கின்றார். அத்தேறல் 'நன்கலம்' தந்தது என்பது பாட்டு. ஈண்டுக் கலமாவது யாது? மரக்கலமோ, மட்கலமோ? அகநானூற்று 149-ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் இதே சொல்லை முசிறிக்கு வரும் யவனர் கப்பலுக்கு ஆள்கின்றார். எனவே ஈண்டும் கப்பலே எனலாமன்றோ எனின், புறநானூற்றின் பழைய உரைகாரர் அவ்வாறு கொள்ளாது குப்பி என்றே பொருளுரைத்தார். நூலை மட்டும் நோக்கின் இவ்வையம் தீராது.

1945-இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாட்டுச் சாடிகளின் ஓடுகள் வெளிப்பட்டன. அச்சாடி இரண்டு கைப்பிடியும் கூரிய அடியும் உடையது; தரையில் தானே நில்லாது; கப்பலின் அடித்தட்டில் நெருங்க அடுக்குதற்கென்றே வனையப்பட்டது. பின்னாளில் அவ்வோடுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில் என்னும் அறிஞர், அவற்றுட் பல கோஸ் வகையின என்று கண்டார். ஒலிவ எண்ணெய்ச் சாடிகளும், மீனைப் புளிக்கவைத்து வடித்த குழம்பின் சாடிகளும் உடன் இருந்தன.

உடைந்த ஓட்டைக்கொண்டு ஊரை அறிவது எங்ஙனம்? சிவகாசியார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிற் கற்றுவந்து 1923-இல் இங்கே தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். லேபிள் அச்சிடுந் தொழிலும் உடன் வளர்ந்தது. எழுத்தறியாதவனும் அணிலையும் சேவலையும் கண்டு பெட்டியை அறிந்தான். அவ்வாறே கோஸ் சாடிக்கு அதன் பிடியே லேபிள்: இரண்டு மண்கோல்களை ஒட்டி ஒரு பிடியாக்குவது அத்தீவினர் வழக்கம். ரோதுதீவார் பிடியில் முத்திரையே பதித்தனர். செய்வித்தோன் பெயரும், அவ்வாண்டுக் கோயிற் குருவின் பெயரும் அதிற் காணலாம். (போலி லேபிள் அன்றும் உண்டு. கோஸ் சாடியைப் பிறநாட்டாரும் போலச்செய்தனர்.)

கோஸ் துருக்கிக் கரையை அடுத்த சிறு தீவு. மருத்துவர் ஹிப்பாக்ரட்டீஸ் பிறந்த இடம். விவிலியம் கற்றார்க்கும் இப்பெயர் புதிதன்று. நடபடிகள் 21-ஆம் அதிகாரத்திற் பவுலடியார் கோஸ்தீவையும் மறுநாள் ரோதுதீவையும் அடைகின்றார். அரிக்கமேட்டு வாணிகம் சிறந்த காலமும் அதுவே. அத்தீவினர் தேறலிற் கடல்நீரைக் கலந்தனர். நெடும்பயணத்தில் அது கெடாதிருக்க இவ்வுவர் உதவியது. நக்கீரர் மணத்தையும் தண்மையையும் பாடினார். உவர்ப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! இன்றும் கோஸ் மக்கள் பாலாடைக்கட்டியைச் செந்தேறலின் வண்டலில் ஊறவைத்து உண்கின்றனர்.

சாடி வந்த வழியும் நெடிது. அலெக்சாந்திரியாவிலிருந்து நைல் நதியிற் படகேறி, பாலையில் ஒட்டகத்தின்மேற் சென்று, செங்கடல் துறையில் மீண்டும் கப்பலேறும். கிரேக்க மாலுமி ஒருவர் முதல் நூற்றாண்டில் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் நூல், இந்தியாவுக்குச் செல்வோர் சூலையிற் புறப்பட வேண்டும் என்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அப்போது துணையாகும்.

அந்நூலில் வேறொரு செய்தியும் உண்டு. பாண்டியர்க்குரிய கொற்கையில் முத்துக் குளித்தோர் தண்டனை பெற்ற குற்றவாளிகளாம். லேபிளிற் கம்பெனியின் பெயர் இருக்கும், மருந்து நிறைத்துத் திரி வைத்த கையின் பெயர் இராது என்பதை அறிந்த ஊரார் யாம். எனவே பிறர் விரைந்து படித்துச் செல்லும் அவ்விடத்தில் எம் கண் நின்றுவிடுகின்றது. பொற்கலம் ஏந்திய மகளிரைப் பாட்டு அறியும். அப்பொன்னுக்கும் தேறலுக்கும் ஈடாகக் கடலில் மூழ்கியவரை மாலுமியின் கணக்கே அறியும்.

இனிக் கலத்திற்கு வருவோம். உண்ணும் கலம் பொன்னென்று பாட்டே தனியே கூறுதலின், நன்கலம் கொணர்ந்த கலமாதல் வேண்டும். அது கப்பலாயின் யவனர் என்பதே அதனை உணர்த்தும். வேறு சொல் மிகை. ஆதலின் யாம் உரைகாரர் பக்கமே நிற்கின்றோம். கூரடிச் சாடியை அவர் கண்டிருத்தல் அரிது. தம் காலத்துத் தேறல் வைக்கும் கலம் எதுவோ அதனைச் சொன்னார்.