கம்பி அறுந்தால் கார் எங்கே போகும்?

1940-களில் அமெரிக்காவில் பெட்ரோல் பொம்மைக் கார் பந்தயம் ரொம்பப் பிரபலம். 10 சிசி எஞ்சின் உண்டு, ரிமோட் கிடையாது. மைதானத்தின் நடுக்கம்பத்தில் மாட்டிய எஃகுக் கம்பிதான் காரை வட்டமாகச் சுற்ற வைக்கும். சில கார்கள் மணிக்கு 160 கி.மீ.யைத் தாண்டின!

நானும் கணக்குப் போட்டேன். 3 கிலோ கார், 10 மீட்டர் கம்பி, வினாடிக்கு 40 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் மையநோக்கு விசை 3 × 40 × 40 ÷ 10 = 480 நியூட்டன். அதாவது கம்பியில் கிட்டத்தட்ட 49 கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி. நானே 38 கிலோதான்! வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு.

அறுந்தால்? 'மையத்திலிருந்து வெளிப்பக்கம் பாயும்'னு பரீட்சையில் எழுதி 2 மார்க் போச்சு. வீட்டில் நூலில் அழிரப்பரைக் கட்டிச் சுற்றி விட்டுப் பார்த்தேன். தொடுகோட்டில் நேராகத்தான் பறந்தது. கம்பி வட்டத்தின் எந்தப் புள்ளியிலும் அறுகலாம் அல்லவா? அப்படியானால் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு எந்தப் பக்கமும் பத்திரமில்லை. சுற்றிலும் தடுப்பு வேண்டும்.