உம்மம்மாவின் தகரப் பெட்டி

பெருநாளுக்கு வீடு துப்புரவாக்கியபோது, அக்குறணையில் மூத்தப்பா நடத்திய கடையின் கணக்குக் கொப்பியும் அரிசிக் கூப்பனும் உம்மம்மாவின் தகரப் பெட்டியில் கிடைத்தன. எரிக்கப் போன உம்மாவிடம் கெஞ்சி வாங்கினேன்.

கண்டியில் பிறந்த அறிஞர் சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார் என்று படிக்கிறோம். ஆனால் சாதாரண மக்கள் எதை, என்ன விலைக்கு, யாரிடம் கடனுக்கு வாங்கினார்கள் என்பதை இத்தகைய கொப்பிகளே சொல்லும்.

தோழியரே, ஈரமும் கறையானும் கடதாசிக்குப் பகை. உலர்ந்த இடத்தில் வையுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை கடதாசியை மஞ்சளாக்கிவிடும். பழைய படங்களின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டைப் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள்.

கொப்பியிலுள்ள பெயர்கள் யாருடையவை என்று உம்மம்மாவுக்கு மட்டுமே தெரியும். அவருக்கு வயது எண்பத்தொன்று. தினமும் அஸருக்குப் பின் ஒரு பக்கமாகக் கேட்டு எழுதுகிறேன்.