தரவரிசையும் வெற்றியும்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு புள்ளியியல் நோக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர்)

முன்னுரை

பள்ளிப் பருவத்தில் ஒருவன் பெறும் தரவரிசை, அவனுடைய பிற்கால வெற்றியை முன்கூட்டியே சொல்லிவிடுமா? மாணவர்களாகிய நம் அனைவரையும் தொடும் வினா இது. ஆயினும் வாழ்க்கையில் வெற்றி என்பது யாது என்பதில் இருவர் கருத்து ஒத்துவருவதில்லை. எனவே அங்கே அளந்து பார்ப்பது கடினம். விளையாட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஆட்டம் முடிந்ததும் வென்றவர் யார், தோற்றவர் யார் என்பது பலகையில் தெரிந்துவிடுகிறது. ஆகவே இவ்வினாவை ஆராய ஏற்ற களமாக அமெரிக்க நாட்டுக் கல்லூரிக் கால்பந்தை எடுத்துக்கொண்டேன்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். சேர்க்கைப் பட்டியலின் அடிப்பகுதியில் தன் பெயரைக் கண்டு இக்கல்லூரிக்கு வந்தவன் நான். தரவரிசை பொய் என்று நிறுவும் ஆசையுடன்தான் தொடங்கினேன். எண்கள் என் ஆசைக்கு முழுவதும் இணங்கவில்லை. அவை சொன்னதை உள்ளவாறே இங்குக் கூற முயல்கிறேன்.

நட்சத்திர முறை

அமெரிக்கர் கால்பந்து என்று அழைப்பது நாம் ஆடும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரியைத் தடுத்து வீழ்த்தியும் ஆடும் ஆட்டம் அது. பக்கத்திற்கு 11 பேர். அந்நாட்டில் இவ்வாட்டத்தின் உயர்பிரிவில் 130-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழக அணிகள் உள்ளன. 2024 வரை ஒவ்வோர் அணியும் 85 பேருக்கு உதவித்தொகை அளிக்கலாம் என்ற வரம்பு இருந்தது.

பள்ளிகளில் ஆடும் பதினாறு, பதினேழு வயது இளைஞர்களை ரைவல்ஸ், இ.எஸ்.பி.என்., 247 ஸ்போர்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் மதிப்பிட்டு நட்சத்திரங்கள் வழங்குகின்றன. ஐந்து நட்சத்திரம் பெறுவோர் நாடு முழுவதிலும் ஆண்டுக்குச் சுமார் 30 பேர். நான்கு பெறுவோர் சில நூறு பேர். மூன்றும் அதற்குக் கீழும் பெறுவோர் மிகப் பலர். ஓர் அணி சேர்த்துக்கொண்ட மாணவர்களின் மதிப்பீடுகளைத் தொகுத்து, அணிகளையும் வரிசைப்படுத்துகின்றனர். இவ்வரிசை களத்தில் மெய்யாகின்றதா என்பதே நம் ஆய்வு.

தனி மனிதரும் விதிவிலக்கும்

தரவரிசையை மறுப்போர் முதலில் காட்டுவது தனி மனிதர்களைத்தான். ஜாஷ் ஆலன் என்பவர் கலிபோர்னியாவின் ஒரு சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். அவர் பள்ளி முடித்தபோது உயர்பிரிவுப் பல்கலைக்கழகம் எதுவும் உதவித்தொகை அளிக்க முன்வரவில்லை. ஓர் ஈராண்டுக் கல்லூரியில் ஆடி, பின்னர் வயோமிங் பல்கலைக்கழகம் சென்றார். 2018-இல் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது ஏழாவதாகத் தேர்வு பெற்றார். 2024 பருவத்தில் தொழில்முறை ஆட்டத்தின் மிகச் சிறந்த வீரர் விருதையும் வென்றார்.

இத்தகைய சான்றுகள் மனத்துக்கு இனியவை. ஆனால் புள்ளியியல் மாணவன் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். "தொழில்முறை அணிகளில் ஐந்து நட்சத்திரத்தாரைவிட மூன்று நட்சத்திரத்தாரே மிகுதி; ஆகவே நட்சத்திரம் பயனற்றது" என்று வாதிடுவோர் உண்டு. ஒரு கற்பனைக் கணக்கால் இதைச் சோதிப்போம். ஐந்து நட்சத்திரத்தார் 30 பேர். அவர்களுள் பாதிப்பேர் தொழில்முறைக்குச் செல்கின்றனர் என்போம். அதாவது 15 பேர். மூன்று நட்சத்திரத்தார் 2,000 பேர். அவர்களுள் இருபதில் ஒருவர் செல்கின்றனர் என்போம். அதாவது 100 பேர். எண்ணிக்கையில் இரண்டாம் குழுவே பெரிது. வாய்ப்பிலோ முதற்குழு பத்து மடங்கு உயர்ந்தது! வகுத்துப் பார்க்க வேண்டிய இடத்தில் எண்ணி மட்டும் பார்த்ததால் வந்த பிழை இது.

அணி என்று நோக்கும்போது

தனி ஒருவரைப் பற்றிய கணிப்பு அடிக்கடி தவறுகிறது. பதினேழு வயதில் உடல் வளர்ச்சி முடிவதில்லை. காயம், படிப்பு, வீட்டு நிலை, மன உறுதி ஆகியவற்றை எவர் அளக்க முடியும்? ஆனால் அணி என்பது பலரின் தொகுதி. ஒருவரை அதிகமாக மதிப்பிட்ட பிழையும், இன்னொருவரைக் குறைவாக மதிப்பிட்ட பிழையும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன.

வகுப்பில் நாம் படித்த திட்டப்பிழையை இங்குப் பொருத்தலாம். ஓர் ஆட்டக்காரரின் திறமைக் கணிப்பில் திட்டவிலக்கம் 20 புள்ளி என்று கொள்வோம். பிழைகள் ஒன்றையொன்று சாராதவை எனில், 85 பேரின் சராசரிக்குத் திட்டப்பிழை 20-ஐ 85-இன் வர்க்கமூலத்தால் வகுக்கக் கிடைப்பது. அது 2-க்குச் சற்றே மேல். இரு தனி மனிதரிடையே 8 புள்ளி வேறுபாடு இருந்தால் அதை நம்புவதற்கில்லை. இரு அணிகளின் சராசரியில் 8 புள்ளி வேறுபாடு இருந்தால் அதைப் புறக்கணிப்பதற்கில்லை. ஒரே தரவரிசை ஆளைப் பற்றிச் சொல்லும்போது தடுமாறுவதும், அணியைப் பற்றிச் சொல்லும்போது தெளிவதும் இதனால்தான்.

பதினான்கு ஆண்டுச் சான்று

பட் எலியட் என்ற பத்திரிகையாளர் எளிய அளவுகோல் ஒன்றை வகுத்தார். முந்தைய நான்கு ஆண்டுகளில் பள்ளிகளிலிருந்து சேர்த்தவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நான்கு அல்லது ஐந்து நட்சத்திரம் பெற்றவராக இருக்கும் அணியே தேசியப் பட்டம் வெல்லும் என்பது அது. அண்மை ஆண்டுகளில் இந்த அளவைக் கடந்த அணிகள் இருபதுக்கும் குறைவே. 2011 முதல் 2024 வரையிலான 14 பருவங்களில் பட்டம் வென்றவற்றை நோக்குங்கள்: அலபாமா 5 முறை, கிளெம்சன், ஒகாயோ மாநிலம், ஜார்ஜியா தலா 2 முறை, புளோரிடா மாநிலம், லூசியானா மாநிலம், மிச்சிகன் தலா ஒரு முறை. பதினான்கு பட்டங்களும் ஏழே பல்கலைக்கழகங்களுக்குள் அடங்கிவிட்டன. பதினான்கும் எலியட்டின் அளவைக் கடந்தவையே.

ஓர் ஆட்டத்தில் வியப்பு நிகழ்வதுண்டு. 2022 டிசம்பர் 31 அன்று டெக்சாஸ் கிறித்தவப் பல்கலைக்கழகம், தரவரிசையில் தன்னினும் மேலான மிச்சிகனை 51-45 என்று வென்று இறுதியாட்டத்துக்கு வந்தது. நாடே மகிழ்ந்தது. 2023 ஜனவரி 9 அன்று இறுதியாட்டத்தில் ஜார்ஜியா அதனை 65-7 என்று வீழ்த்தியது. ஒரு படி ஏற நற்பேறு துணை செய்யலாம். அடுத்தடுத்து ஏற ஆட்பலமும் வேண்டியிருக்கிறது.

தேவை உண்டு, போதுமை இல்லை

இதனால் உயர்ந்த வரிசை பெற்றவர் வென்றே தீருவர் என்று கொள்ளலாகாது. டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் 2022-இல் சேர்த்த புதுமுக மாணவர் குழு, அதுவரை மதிப்பிடப்பட்ட குழுக்களிலேயே உயர்ந்தது எனப் போற்றப்பட்டது. அவ்வாண்டு அவ்வணி 5 ஆட்டங்களில் வென்று 7-இல் தோற்றது. அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத்திடம் தன் சொந்த மைதானத்திலேயே 17-14 என்று தோல்வியுற்றது. புதிதாக வந்தவர் அணியின் ஒரு பகுதியே என்பதும், திறமை முதிர ஆண்டுகள் வேண்டும் என்பதும் இதற்குக் காரணமாகலாம். எனவே நல்ல தரவரிசை பட்டத்துக்கு ஏறக்குறையத் தேவையான நிபந்தனையாக இருந்தது. போதுமான நிபந்தனையாக என்றும் இருந்ததில்லை.

தொடர்பா, காரணமா?

ஒட்டுறவு இருப்பதாலேயே காரணம் நிறுவப்பட்டதாகாது என்பது நம் பேராசிரியர்கள் ஓயாமல் கூறும் அறிவுரை. அலபாமா ஓர் இளைஞனை அழைக்கிறது என்று தெரிந்ததும், மதிப்பீட்டாளர்கள் அவனை மறுமுறை பார்க்கின்றனர். அவன் மதிப்பு உயர்வதும் உண்டு. அப்படியானால் நட்சத்திரத்தின் ஒரு பகுதி, தேர்ந்த பயிற்சியாளரின் கணிப்பையே நமக்குத் திருப்பிக் காட்டுகிறது. மேலும் உயர்ந்த மாணவரை ஈர்க்கும் பல்கலைக்கழகமே சிறந்த பயிற்சியாளர், மருத்துவர், கூடம், பணம் ஆகியவற்றையும் உடையது. அலபாமாவில் நிக் சேபன் 2007 முதல் 2023 பருவம் வரை பயிற்சியாளராக இருந்து ஆறு பட்டங்கள் வென்றார். வெற்றியில் மாணவர் திறமை எவ்வளவு, அவர் பயிற்சி எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று. வயலில் உரச் சோதனை செய்வதுபோல, மாணவர்களைச் சீட்டுக் குலுக்கிக் கல்லூரிகளுக்குப் பங்கிட்டுச் சோதிக்க முடியாதல்லவா?

உடைந்த விதி

2025 பருவத்தில் எலியட்டின் விதி உடைந்தது. இந்தியானா பல்கலைக்கழகம் 2023-இல் 3 வெற்றியும் 9 தோல்வியும் கண்ட அணி. அவ்வாண்டின் இறுதியில் கர்ட் சிக்னெட்டி என்ற பயிற்சியாளர் வந்தார். 2025 பருவத்தில் அவ்வணி 16 ஆட்டங்களிலும் வென்று, 2026 ஜனவரியில் மயாமியை 27-21 என்று வீழ்த்திப் பட்டம் பெற்றது. பள்ளித் தரவரிசையில் அவ்வணி எலியட்டின் அளவுக்கு மிகவும் கீழே இருந்தது. அதன் தலைமை ஆட்டக்காரரான பெர்னாண்டோ மெண்டோசா பள்ளி முடித்தபோது மூன்று நட்சத்திரத்துக்கு மேல் மதிப்பிடப்படாதவர். 2025-இல் கல்லூரி ஆட்டத்தின் தலைசிறந்த விருதான ஹெய்ஸ்மன் விருது அவருக்கே கிடைத்தது.

இது எவ்வாறு நிகழ்ந்தது? 2021 முதல் கல்லூரி மாறும் மாணவர் ஓராண்டு காத்திராமல் ஆடலாம் என்று விதி தளர்ந்தது. சிக்னெட்டி தாம் முன்பு பயிற்றுவித்த ஜேம்ஸ் மாடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து பலரை உடன் அழைத்து வந்தார். மெண்டோசா கலிபோர்னியாவில் ஆடிவிட்டு வந்தவர். அதாவது, பதினேழு வயதில் எழுதிய கணிப்பை விட்டு, இருபது, இருபத்தொரு வயதில் களத்தில் கண்ட ஆட்டத்தைக் கொண்டு ஆள் தேர்ந்தார். தரவரிசை பொய்யாகவில்லை, பழையதாகிவிட்டது. புதிய தகவல் கையில் இருக்கும்போது பழைய கணிப்பையே பிடித்துக்கொண்டிருப்பது அறிவியல் ஆகாது.

முடிவுரை

தொகுத்துக் கூறின், பெருந்தொகுதிகளைப் பற்றித் தரவரிசை பெரும்பாலும் மெய்யே சொல்கிறது. தனி ஒருவரைப் பற்றி அது சொல்வது வாய்ப்பு மட்டுமே, தீர்ப்பு அன்று. காலம் செல்லச் செல்ல, களத்தில் அவர் செய்வது அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

தரவரிசையைப் பொய்யாக்க வந்த நான், அதன் பயனை ஒப்புக்கொண்டு நிற்கிறேன். இதில் எனக்கு ஏமாற்றம் இல்லை. சேர்க்கைப் பட்டியல் ஒட்டப்பட்டு ஈராண்டு ஆகின்றது. அது என்னைப் பற்றிச் சொன்னது அன்றைய நிலையில் சரியாகவே இருந்திருக்கலாம். அதற்குப் பின் நான்கு பருவத் தேர்வுகள் நடந்துவிட்டன. இனி என்னை மதிப்பிட விரும்புவோர் அவற்றையும் சேர்த்துப் பார்க்கட்டும் என்று கேட்கும் உரிமையைப் புள்ளியியலே எனக்குத் தந்திருக்கிறது. நண்பர்களே, அந்த உரிமை உங்களுக்கும் உண்டு எனக் கூறி இக்கட்டுரையை நிறைவு செய்கிறேன்.