செத்த டிஸ்க்கைக் கழட்டுறதுக்கு முன்னாடி

ரெய்டுன்னா வருமான வரித்துறை ரெய்டு இல்ல. பல ஹார்ட் டிஸ்க்கை ஒண்ணா சேர்த்து, ஒண்ணு போனாலும் டேட்டா போகாம பாத்துக்கிற முறை. பெர்க்லியில் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூணு பேரும் 1988-ல் வெளியிட்ட கட்டுரைதான் இந்தப் பெயரைப் பிரபலமாக்கியது.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரி லேப். சர்வரில் நாலு 4 டெராபைட் டிஸ்க், ரெய்டு 5. கல்வராயன் மலையில் வெள்ளிமலை பக்கம் ஒரு வருஷம் சென்சார் வச்சு எடுத்த மழை அளவு அதுல இருக்குன்னு வச்சுக்குவோம். புரோகிராம் போனா திருப்பி எழுதலாம். போன வருஷ மழையைத் திருப்பி அளக்க முடியாது.

ரெய்டு 5-ல் மூணு டிஸ்க்கில் டேட்டா, நாலாவதில் அந்த மூணோட எக்ஸார். (இந்த நாலாவது இடம் டிஸ்க்குக்கு டிஸ்க் மாறிக்கிட்டே இருக்கும்.) டேட்டா 1, 0, 1 என்றால் எக்ஸார் 0. நடுவில் உள்ளது தொலைஞ்சா மிச்சம் 1, 1, 0. அதை எக்ஸார் பண்ணா தொலைஞ்ச 0 வந்துடும். அதனால ஒரு டிஸ்க் செத்தாலும் சர்வர் ஓடும். ஆனா அந்த நிமிஷத்திலிருந்து இன்னொண்ணு போனா எல்லாம் போச்சு. அந்த இன்னொண்ணை நாமே உருவுறதுதான் பெரிய ஆபத்து.

லினக்ஸ் காட்டும் எஸ்டிபி, எஸ்டிசி பெயர்களை நம்பாதீங்க, ரீபூட்டில் மாறலாம். சீரியல் நம்பர் மட்டும்தான் சாட்சி. செத்த டிஸ்க் பதிலே சொல்லலையா? உயிரோட இருக்கிற மூணோட சீரியலை ஸ்மார்ட்சிடிஎல் வச்சு எடுத்து எழுதுங்க. லிஸ்ட்டில் இல்லாத நம்பர்தான் நம்ம ஆள்.

கழட்டுறதுக்கு முன்னாடி பேக்கப். ரீபில்ட் நடக்கும்போது மிச்ச மூணு டிஸ்க்கையும் முழுசா, அதாவது 12 டெராபைட் படிக்கணும். சாதாரண டிஸ்க்குகளுக்குக் கம்பெனி தரும் கணக்கே சுமார் 12.5 டெராபைட்டுக்கு ஒரு படிக்க முடியாத பிட் வரலாம் என்பதுதான். நிஜத்தில் இதைவிட நல்லாவே ஓடும், இருந்தாலும் மழை டேட்டாவை வச்சு சூதாட வேண்டாம்.

புது டிஸ்க் அதே அளவு அல்லது பெரிசா இருக்கணும். கொஞ்சம் சின்னதா இருந்தாலும் சேராது. எஸ்எம்ஆர் வகையா என்றும் பாருங்க. அதில் ரீபில்ட் ரொம்ப இழுக்கும். நாஸுக்கென்று விற்ற சில ரெட் டிஸ்க்குகள் அந்த வகை என்று வெஸ்டர்ன் டிஜிட்டலே 2020-ல் ஒத்துக்கிட்டது.

எம்டிஅட்மில் முதலில் 'ஃபெயில்', அப்புறம் 'ரிமூவ்', அதுக்கப்புறம்தான் கை வைக்கணும். ஹாட் ஸ்வாப் இல்லாத பெட்டின்னா ஷட்டவுன் பண்ணிட்டுக் கழட்டுங்க. புதுசைப் போட்டு 'ஆட்' கொடுத்தா வேலை ஆரம்பிக்கும். நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் போனாலே ஏழரை மணி நேரம். அதனால மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு கரண்ட் நிறுத்தற நாளுக்கு முந்தின ராத்திரி ஆரம்பிக்காதீங்க. யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது.

கழட்டின டிஸ்க்கை ரீபில்ட் முடியற வரைக்கும் தூக்கிப் போடாதீங்க. நடுவில் இன்னொண்ணு மக்கர் பண்ணா, அந்தப் பழசிலிருந்து டிடிரெஸ்க்யூ வச்சு வர்றதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.