காலில் வீக்கமில்லை, நீர் மாத்திரை எதற்கு?

உயர் இரத்த அழுத்தத்திற்குத் தயசைடு வகை மாத்திரையை எழுதித் தரும்போதெல்லாம் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. விடை கிடைக்கும் முன்பே தாமாக மாத்திரையை நிறுத்திவிடுவோரும் உளர்.

சிறுநீரகம் வடிகட்டும் உப்பில் பெரும்பகுதியை உடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. அதில் ஒரு சிறு பகுதியைத் தயசைடு தடுக்கிறது; உப்பு வெளியேற, நீரும் உடன் செல்கிறது. தொடக்க நாட்களில் சிறுநீர் மிகுதியாகப் பிரிவது இதனாலேயே. சில வாரங்களில் அது ஏறத்தாழ முன்போலாகிவிடும். மருந்து வேலை செய்யவில்லை என்று அப்போது எண்ணிவிட வேண்டா. அதன் பின்னரும் இரத்தக் குழாய்கள் தளர்ந்திருப்பதால் அழுத்தம் குறைந்தே நிற்கும். வீக்கம் இல்லாதவர்க்கும் இதனைத் தருவது இதற்காகவே.

1950களின் இறுதியில் வந்த பழைய மருந்துதான், விலையும் குறைவு. ஆயினும் 2002இல் வெளியான, 33,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ‘ஆல்ஹாட்’ ஆய்வில், மாரடைப்பைத் தடுப்பதில் இவ்வகையைச் சேர்ந்த குளோர்தலிடோன் புதிய மருந்துகளுக்குப் பின்தங்கவில்லை.

எங்களுக்குக் கவலை தருவது வேறொன்று. இம்மருந்தால் சிலருக்கு, குறிப்பாக முதியோர்க்கு, இரத்தத்தில் சோடியம் குறைகிறது. சோர்வு, குமட்டல், தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் ஆகியன அதன் அறிகுறிகள். “வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டார் விட்டுவிடுவதுதான் ஆபத்து. புதிதாக இவ்வாறு நேர்ந்தால் அன்றே அழைத்து வாருங்கள். ஒரு சிறு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சோடியம் குறைந்ததென்று கேட்டவுடன் ஊறுகாயையும் அப்பளத்தையும் கூட்டுவது மருத்துவமன்று, அழுத்தம்தான் ஏறும். பொட்டாசியமும் குறையலாம். யூரிக் அமிலம் உயர்ந்து மூட்டுவலி வரலாம். ஆதலின், மருந்தைத் தொடங்கிய சில வாரங்களில் நாங்கள் சொல்லும் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

மாத்திரையைக் காலையில் உண்பது நன்று. இரவில் கழிப்பறைக்கு எழுந்து தடுமாறி விழும் இடர் குறையும். வயிற்றுப்போக்கோ வாந்தியோ கண்ட நாளில், அடுத்த மாத்திரைக்கு முன் எங்களைக் கேளுங்கள். வலி மாத்திரைகளைக் கடையில் தாமாக வாங்கி உண்பதும் கூடாது. அவற்றுள் பல இம்மருந்தின் பயனைக் குறைத்துச் சிறுநீரகத்தையும் வருத்தும்.

அழுத்த மாத்திரைகள் பலவற்றுள் ஹைட்ரோகுளோரோதயசைடு வேறொரு மருந்துடன் ஒன்றாகவே சேர்ந்திருப்பதால், தாம் நீர் மாத்திரை உண்பதையே பலர் அறியார். அடுத்த முறை வரும்போது அட்டைகள் அனைத்தையும் பையில் எடுத்து வாருங்கள். உடன் அமர்ந்து பார்த்துச் சொல்கிறோம்.