வெயில் ஊரில் பின்னல்: வளையத் தறியில் ஒரு பாட்டில் உறை

நந்தி கல்யாணம் நடக்கும் பங்குனியிலேயே திருமழபாடியில் வெயில் ஏறிவிடுகிறது. இந்த ஊரில் உட்கார்ந்து கம்பளி பின்னுவானேன் என்று கேட்பவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் பின்னலுக்குக் கம்பளிதான் வேண்டும் என்று யார் சொன்னது? கோடையில் உடம்போடு ஒட்டிக்கிடக்கும் திருப்பூர் பனியனும் பின்னல் துணியே, பருத்தியில் ஆனது. நம் பக்கத்தில் இந்தக் கைவேலையைத் தொடங்குகிறவர் பருத்தியில் தொடங்கட்டும், அதுவும் வளையத் தறியில் தொடங்கட்டும் என்பதே என் கருத்து.

தறி என்றதும் ஜெயங்கொண்டம் பக்கத்துக் கைத்தறி நினைவுக்கு வரும். அங்கே பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். வளையத் தறியில் இருப்பது ஒரே நூல். ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி நுழைந்து துணியாகிறது. இரண்டு ஊசிகளால் பின்னும்போது எல்லாக் கண்ணிகளும் ஒரே ஊசியில் நெருங்கி நிற்கும். ஒன்று நழுவினால் அதற்குக் கீழே உள்ள கண்ணிகளும் ஒவ்வொன்றாக அவிழும். வளையத் தறியில் கண்ணிக்கு ஒரு முளை உண்டு. கண்ணியைப் பிடித்துக்கொள்வது முளையின் பொறுப்பு. நகர்த்துவது மட்டுமே கையின் வேலை. இது குறுக்குவழி, உண்மையான பின்னல் இல்லை என்று சிலர் சொல்லலாம். ஆனால் 1589-ல் வில்லியம் லீ இங்கிலாந்தில் உருவாக்கிய காலுறைப் பின்னல் பொறியும், இன்று திருப்பூரில் ஓடும் வட்டப் பின்னல் இயந்திரமும் கண்ணிக்கு ஓர் ஊசி என்ற ஏற்பாட்டில்தான் இயங்குகின்றன.

தறியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 75 மி.மீ. பிவிசி குழாயில் ஐந்து செ.மீ. நீளத் துண்டு ஒன்றும் 16 ஐஸ் குச்சிகளும் போதும்; குச்சிகளே முளைகள். குச்சிகளைச் சம இடைவெளியில், விளிம்புக்கு மேல் மூன்று செ.மீ. நீட்டியபடி வைத்து, ரப்பர் பேண்டால் இறுக்கி, மேலே டேப் சுற்றுங்கள். நூலுக்குப் பக்கத் தையல் இல்லாத பழைய பனியன் இரண்டு எடுத்து, அக்குளுக்குக் கீழே உள்ள பகுதியை ஒன்றரை செ.மீ. அகலத்தில் சுற்றிச் சுற்றி அறுபடாமல் வெட்டுங்கள். நாடாவை இழுத்துவிட்டால் ஓரங்கள் தாமாகச் சுருண்டு உருண்டையான கயிறாகிவிடும். இவற்றோடு ஒரு குரோஷா ஊசியும் கோணி ஊசியும் வேண்டும்.

முதல் முளையில் ஒரு சுருக்கு மாட்டுங்கள். பிறகு நூலை வளையத்தின் உள்ளிருந்து எடுத்து, முளையின் வெளிப்புறமாகச் சுற்றி, மறுபடி உள்ளே கொண்டுவந்து அடுத்த முளைக்குப் போங்கள். இப்படி இரண்டு முறை வலம் வந்தால் ஒவ்வொரு முளையிலும் இரண்டு கண்ணி இருக்கும். குரோஷா ஊசியால் கீழ்க்கண்ணியைத் தூக்கி, மேல்கண்ணியைத் தாண்டி, முளைக்கு உள்பக்கம் விடுங்கள். எல்லா முளையிலும் செய்தால் ஒரு வரிசை முடிந்தது. மீதமுள்ள கண்ணிகளை விரலால் கீழே தள்ளிவிட்டு மறுபடி சுற்றுங்கள். பின்னல் குழாய்போல வளையத்துக்குள் இறங்கும். இருபது செ.மீ. வந்ததும், அரை மீட்டர் விட்டு நூலைக் கத்தரித்து, கோணி ஊசியில் கோத்து எல்லாக் கண்ணிகளிலும் நுழைத்து, முளையிலிருந்து கழற்றி இழுத்து முடிச்சுப் போட்டால் அடிப்பாகம் மூடிக்கொள்ளும்.

தவறுகள் பெரும்பாலும் இறுக்கத்தால் வருபவை. பருத்தி கம்பளி அளவுக்கு நீண்டு கொடுக்காது. இறுக்கிச் சுற்றினால் கண்ணியைத் தூக்கவே முடியாது. வாழைநாரில் பூக்கட்டிய விரல்களுக்கு, பூ நழுவாமலும் காம்பு ஒடியாமலும் இழுக்கும் அளவு தெரியும். அந்த அளவே இங்கும் போதும். வளையத்துக்கு எல்லையும் உண்டு: முளைகளின் இடைவெளி மாறாது என்பதால் மெல்லிய நூலில் நுட்பமான துணி வராது. அதற்கு ஆசை பிறக்கும்போது ஊசிக்குப் போகலாம். கண்ணியின் போக்கு அதற்குள் கைக்குப் பழகியிருக்கும்.

இப்போது உறைக்குள் ஒரு லிட்டர் பாட்டிலைப் போட்டு, உறையை நனைத்துக் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். ஈரம் ஆவியாகும்போது பாட்டிலின் சூட்டையும் எடுத்துக்கொள்ளும். மண்பானை தண்ணீரைக் குளிர்விப்பதும் இப்படித்தான். காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ, அவ்வளவு நன்றாகக் குளிரும். வெயில் ஊரில் பின்னல் எதற்கு என்ற கேள்விக்கு இந்த உறையே பதில் சொல்லும்.