முத்துப்பட்டன் கதைப்பாடலில் பிறப்பு மாற்றமும் சடங்குச் சான்றும்

முன்னுரை

சங்கரன்கோவில் வட்டாரத்து இராயகிரி முதல் பாபநாசம் வரை மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தை உள்ளடக்கிய நெல்லைப் பகுதி வில்லுப்பாட்டின் தாயகங்களுள் ஒன்றாகும். கொடை விழாக்களில் வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியன முழங்கப் பாடப்பெறும் கதைகளுள் முத்துப்பட்டன் கதை தனியிடம் பெற்றது. நா. வானமாமலை இதனைப் பதிப்பித்து ஆய்வுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தார். இக்கதையின் பிறப்பு மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

கதையும் மாற்றமும்

அந்தணனாகிய முத்துப்பட்டன், தோல் தொழில் செய்யும் வாலப்பகடையின் மகளிரான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்க விழைகிறான். பூணூலையும் குடுமியையும் களைந்து, செருப்புத் தைத்து விற்க வேண்டும் என்னும் நிபந்தனையை ஏற்று மணக்கிறான். பின்னர் ஆநிரை கவர்ந்தோருடன் பொருது வஞ்சகமாகக் கொல்லப்படுகிறான்; மனைவியர் இருவரும் தீப்பாய்கின்றனர். சில வடிவங்களிலோ அப்பெண்கள் அந்தணர் குலத்துப் பிறந்து, காட்டில் விடப்பட்டு, பகடையால் வளர்க்கப்பட்டவர் எனக் கூறப்படுகின்றது.

சான்றுகள்

இம்மாற்றம் பிற்காலத்தது என்பதற்குக் கதையின் அகச்சான்றே போதுமானது. பெண்கள் அந்தணர் குலத்தவராயின், பட்டன் தன் குல அடையாளத்தைத் துறப்பது பொருளிழக்கின்றது. எனினும் அந்நிகழ்ச்சி கதையினின்று நீக்கப்படவில்லை. புறச்சான்று காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் உள்ளது. அங்குப் பட்டவராயனாக வழிபடப்பெறும் முத்துப்பட்டனுக்கு அடியார்கள் இன்றும் செருப்பையே காணிக்கையாக்குகின்றனர். பாடலின் சொல் மாறினும் சடங்கு பழைய பொருளைக் காத்து நிற்கின்றது.

வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், வழிபாடு தோன்றிய இடத்தைக் கடந்து பரவுகையில் இறப்பை மையமாகக் கொண்ட கதைகள் தெய்வீகப் பிறப்புக் கூறுகளை ஏற்பதைச் சுட்டுவார். முத்துப்பட்டன் கதையில் பிறப்பு மாற்றம் நாயகனுக்கன்றி நாயகியருக்கு நிகழ்ந்துள்ளது. ஆகவே இது தெய்வமாக்கத்தினும் சாதிக் கலப்பை மறைக்கும் நோக்கினை மிகுதியும் காட்டுகின்றது.

முடிவுரை

இடைச்செருகல் எனக் கருதி மாற்று வடிவத்தைத் தள்ளிவிடுதல் பொருந்தாது. கேட்போர் சமூகம் பாடகன்மீது செலுத்திய அழுத்தத்திற்கு அதுவே சான்றாகும். எனவே கதைப்பாடற் பதிப்புகள் எல்லா வடிவங்களையும், பாடப்பெற்ற கோயில், கேட்போர், சடங்கு ஆகிய குறிப்புகளுடன் தருதல் வேண்டும். ஏட்டுப் பாடத்தை மட்டும் கொண்டு மூலத்தைத் துணிவோர், சன்னிதியில் வைக்கப்பெறும் செருப்பு உரைப்பதைக் கேளாது விடுவர்.